வீட்டில் செய்த வோட்டர் பிளொக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கடை மேசையில் ஒரு பழைய கணினி திறந்தபடி ஓடிக்கொண்டிருக்கும். புரொசெசரின் மேல் விசிறி இருக்காது. அந்த இடத்தில் ஒரு செம்புக் கட்டி, அதிலிருந்து இரண்டு குழாய், குழாய்களின் மறுமுனை மேசைக்குக் கீழே ஒரு வாளிக்குள். போன் கண்ணாடி மாற்ற வந்த ஆக்கள்கூட நின்று விசாரிக்காமல் போவதில்லை. தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் ஒரு மணித்தியாலம் போய்விடும். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

வோட்டர் பிளொக் என்றால் என்ன?

புரொசெசரின் முதுகில் இறுக்கி வைக்கிற, உள்ளே கோறையான ஓர் உலோகக் கட்டி. ஒரு வாயால் தண்ணீர் உள்ளே போகும், உலோகத்திலிருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு மற்ற வாயால் வெளியே வரும். நேரே தமிழாக்கினால் ‘நீர்க்கட்டி’ என்று வருகிறது. அது வைத்தியரிடம் காட்டவேண்டிய சாமான், அதனால் பிளொக் என்றே எழுதுகிறேன்.

திருகோணமலை வெக்கைக்கு இது கணினியைக் குளிராக்குமா?

அறையைவிடக் குளிராக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதிப்பேர் குளிர்சாதனப் பெட்டி மாதிரி எதையோ மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, சுமந்துகொண்டு போய் வேறோர் இடத்தில் கொட்டுகிறது. அந்த இடம் றேடியேற்றர், அதாவது தண்ணீரின் சூட்டைக் காற்றுக்கு விடும், செட்டை செட்டையாகத் தகடு வைத்த குழாய்த் தொகுதி. அங்கே வீசும் காற்று 34 பாகை என்றால் தண்ணீர் அதற்கு மேலேதான் நிற்கும்.

ஆடி மாதத்தில் கச்சான் காற்று வீசும்போது பின்னேரம் மூன்று மணிக்கு என் கடைக்குள் 34, 35 பாகை சர்வசாதாரணம். வெளிநாட்டில் யாரோ 21 பாகை அறையில் உட்கார்ந்துகொண்டு “எனது புரொசெசர் 48ஐத் தாண்டாது” என்று சொல்வதைப் பார்த்துவிட்டு, தங்களுடையது 62 காட்டுகிறது என்று கவலைப்படுகிறார்கள். இரண்டையும் கழித்துப் பாருங்கள். அவருக்கும் 27, உங்களுக்கும் 27. குறை உங்கள் பிளொக்கில் இல்லை, காற்றில் இருக்கிறது.

அப்படியென்றால் ஒரு நல்ல காற்றுக் கூலரை வாங்கிப் பூட்டினால் போதாதா?

போதும். 65 வாட், 95 வாட் புரொசெசருக்கு 120 மில்லிமீற்றர் விசிறியோடு வரும் உயரமான கூலர் ஒன்று, நான் செய்த பிளொக்குக்குக் கிட்டத்தட்டச் சமமாக வேலை செய்யும். ஒழுகாது, தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டர் வேண்டாம், ஒரு நாளும் மினக்கெட வேண்டாம். வேலைக்கு வைத்திருக்கும் கணினி என்றால் அதையே வாங்குங்கள். வெப்பம் எப்படி ஓடுகிறது என்று கையால் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் மட்டும் கீழே வாசியுங்கள்.

எந்த உலோகம்? இங்கே எங்கே எடுக்கலாம்?

செம்பு. ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 400 வாட் கடத்தும். அலுமினியம் 235 அளவில், பித்தளை 110, 120 அளவில், துருப்பிடியாத உருக்கு வெறும் 15. சட்டி பானைக்கு அடியில் செம்பு பூசுவது சும்மா அழகுக்கு இல்லை.

நான் எடுத்தது பழைய மின் பலகை ஒன்றிலிருந்து கழற்றிய செம்புப் பட்டை. 60 மில்லிமீற்றர் அகலம், 10 மில்லிமீற்றர் தடிப்பு. பழைய இரும்புக் கடைகளில் விசாரித்தால் அகப்படும். விலை எழுதவில்லை, நான் எழுதி முடிக்கமுன் மாறிவிடும்.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை ஒரு கடையில் செம்பு என்று நிறுத்துத் தந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து அரத்தால் உராய்ந்தேன். உள்ளே மஞ்சளாகச் சிரித்தது. பித்தளை. கடையிலேயே ஒரு மூலையை உராய்ந்து பாருங்கள், செம்பு என்றால் இளஞ்சிவப்பாக இருக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள், பிடித்தால் செம்பு பூசிய இரும்பு. தராசும் உதவும். 60க்கு 60க்கு 10 மில்லிமீற்றர் துண்டு செம்பானால் 320 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும்.

மில்லிங் மெஷின் இல்லை. உள்ளே எப்படி வெட்டுவது?

இதற்குத்தான் எனக்கு மூன்று மாதம் போனது. கடையில் விற்கும் பிளொக்குகளுக்குள் அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலத்தில் டசின் கணக்கான கால்வாய்கள் இருக்கும். அந்த யோசனை பழையது. 1981இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டக்கர்மன், பீஸ் என்ற இருவர் சிலிக்கனிலேயே தலைமயிர்க் கனத்தில் கால்வாய் வெட்டி, ஒரு சதுர சென்ரிமீற்றரிலிருந்து 790 வாட் வெப்பத்தைத் தண்ணீரால் இழுத்துக் காட்டினார்கள். நமக்கு அந்த நுணுக்கம் வராது. ஆனால் லேத் பட்டறை இருக்கிறது, வாள் இருக்கிறது.

மீன்பிடிப் படகு எஞ்சின் திருத்துகிற ஊரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. நான் போன இடத்து அண்ணன் முதலில் சிரித்தார். “தம்பி, கொம்பியூட்டருக்குத் தண்ணி விடப்போறியோ?” என்று கேட்டுவிட்டு, படத்தைப் பார்த்ததும் பேசாமல் சதுரத் துண்டை எடுத்து, நான்கு தாடையும் தனித்தனியாக நகரும் சக்கில் பூட்டினார். செய்த வேலை இதுதான்: நடுவில் 32 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்ட மேடு ஒன்றை விட்டுவிட்டு, சுற்றியிருந்த செம்பை 5 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் கடைந்து எடுத்தார். அதே பிடியில், ஒழுகாமல் அடைக்கும் றப்பர் வளையமான ஓ-றிங் உட்காரும் வட்டக் காடியையும் வெட்டினார். வட்டமாக எதையும் லேத் செய்யும், அதனால்தான் சதுர உள்ளறை என்ற ஆசையை விட்டேன்.

கால்வாய் வெட்டியது நான், சாதாரண இரும்பு வாளால். வாள் அலகு போகும் தடம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். மேட்டின் மேல் 2 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு கீறி, ஒவ்வொரு கோட்டிலும் 5 மில்லிமீற்றர் ஆழத்துக்கு அறுத்தால் 1 மில்லிமீற்றர் வெட்டும் 1 மில்லிமீற்றர் தகடுமாக 15, 16 கால்வாய் வரும். செம்பு பிசுபிசுத்து வாள்பல்லை அடைக்கும். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை தேங்காய் எண்ணெய் ஒரு துளி விட்டு, பல்லைத் தூரிகையால் தட்ட வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் தகடு பக்கத்துக் கால்வாய்க்குள் சாய்ந்துவிடும். என்னுடையதில் இரண்டு தகடு இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது. சாய்ந்ததைப் பழைய சவர அலகு விட்டு நிமிர்த்தலாம்.

கணக்குப் பார்த்தால் வெறும் மேட்டின் பரப்பு 800 சதுர மில்லிமீற்றர் அளவு. கால்வாய் வெட்டியபின் தண்ணீர் தொடும் பரப்பு 4,000ஐத் தாண்டுகிறது. இரண்டு பின்னேர வேலைக்கு ஐந்து மடங்கு லாபம்.

மூடிக்கு என்ன?

15 மில்லிமீற்றர் பெஸ்பெக்ஸ், அதாவது கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக். உள்ளே தண்ணீர் ஓடுவதைப் பார்க்கலாம் என்பது ஒரு பக்கம், காற்றுக் குமிழ் எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியும் என்பது உண்மையான பயன். அதிலும் வட்டக் குழி லேத்தில் கடைந்ததுதான். துளையிடும்போது மெதுவாகச் சுற்றவிட்டுச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் உருகி ஒட்டும்.

தண்ணீர் நடுவால் இறங்கி, கால்வாய்களுக்குக் குறுக்காக இருக்கும் ஒரு நீட்டு வெட்டு வழியாக எல்லாக் கால்வாய்க்குள்ளும் பிரிந்து, இரு பக்கமும் ஓடி, மேட்டைச் சுற்றியிருக்கும் வளையத்தால் வெளியேற வேண்டும். அந்த நீட்டு வெட்டை 1 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் தகட்டில் எடுத்து, மூடிக்கும் தகடுகளின் உச்சிக்கும் இடையில் இறுக வைத்தேன். ஐஸ்கிறீம் டப்பா மூடியே போதும். இந்தச் சின்னத் துண்டு எவ்வளவு முக்கியம் என்பதைச் சோதனைப் பகுதியில் சொல்கிறேன்.

ஓ-றிங் 2.5 மில்லிமீற்றர் தடிப்பு, காடி 1.9 மில்லிமீற்றர் ஆழம். கால்பங்கு நசுங்கினால் பிடிக்கும். படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடைகளில் எல்லா அளவிலும் கிடைக்கிறது.

அடிப்பக்கத்தை மினுக்கவேண்டுமா?

மினுக்கம் வேண்டாம், மட்டம் வேண்டும். இரண்டும் ஒன்றில்லை. கண்ணாடிபோல மின்னுகிற, நடுவில் குழிந்த அடியைப் பார்த்திருக்கிறேன்.

தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் வைத்து, அதன்மேல் வோட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஒட்டவைக்க வேண்டும். வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள் தேய்க்கிற அதே தாள். 400இல் தொடங்கி, 800, பிறகு 1200. அடியில் மார்க்கர் பேனையால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுவிட்டு, எட்டு வடிவில் மெல்லத் தேய்க்கவும். இருபது சுற்றுக்கு ஒருமுறை கட்டியைக் கால்வாசி திருப்பிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் நம் கை எப்போதும் ஒரு பக்கம் கூட அமுக்கும். கோடு முதலில் அழியும் இடம் மேடு, கடைசிவரை நிற்கும் இடம் பள்ளம். என்னுடையதில் நடுவில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு மை அரை மணித்தியாலம் அசையாமல் இருந்தது. அது முழுதாக அழிந்த பிறகுதான் 800க்குப் போனேன்.

இவ்வளவு பாடு எதற்கென்றால், புரொசெசருக்கும் பிளொக்குக்கும் நடுவில் பூசும் சாதாரண வெப்பப் பேஸ்டின் கடத்தும் திறன் ஒற்றை இலக்கம், செம்போ 400. பள்ளத்தை நிரப்பப் பேஸ்ட் எவ்வளவு தடிப்பாகத் தேவையோ அவ்வளவுக்கு நட்டம்.

எந்தப் புரொசெசருக்கு எவ்வளவு தூரத்தில் துளை?

புரொசெசர் உட்காரும் பீடம்தான் சொக்கெட். இன்டெல் 1155, 1150, 1151, 1200 சொக்கெட்டுகளுக்கு 75 மில்லிமீற்றர் சதுரம். பழைய 775க்கு 72, பிறகு வந்த 1700க்கு 78. ஏஎம்டியின் ஏஎம்4, ஏஎம்5 இரண்டுக்கும் 54க்கு 90 நீள்சதுரம். பிளொக்கில் துளை போடாதீர்கள். மேலே குறுக்காக ஒரு தகடு வைத்து அதில் போடுங்கள், சொக்கெட் மாறினால் தகட்டை மட்டும் மாற்றலாம். பழைய கூலரின் சுருள்வில்லோடு கூடிய திருகாணிகளையே பாவியுங்கள். குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றாக அரைச் சுற்று. பலசாலிகள் இங்கே வேண்டாம்.

மீன் தொட்டி மோட்டர் போதுமா?

ஓட்டத்துக்குப் போதும். பெட்டியில் மணிக்கு 800 லீற்றர் என்று எழுதியிருக்கும், அது குழாயே இல்லாமல் சும்மா தள்ளும் அளவு. பிளொக்கும் குழாயும் பூட்டியபின் எவ்வளவு வருகிறது என்று 1 லீற்றர் சோடாப் போத்தலை வைத்து அளந்தேன். 40 செக்கனில் நிரம்பியது, அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர். அதுவே தாராளம். 100 வாட் சூட்டை ஏற்றினால் அந்த ஓட்டத்தில் தண்ணீர் உள்ளே போய் வெளியே வருவதற்குள் ஒரு பாகைகூட ஏறாது.

பயம் ஓட்டத்தில் இல்லை, மின்சாரத்தில். அந்த மோட்டர் 230 வோல்ற்றில் தண்ணீருக்குள் மூழ்கி நிற்கிறது. வயர் உறை வெடித்தால் வாளி முழுக்க மின்சாரம், செம்பு வழியாகக் கணினிக்கும்தான். வீட்டு ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானை அமத்தி, விழுகிறதா என்று பார்க்காமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். முடிந்தால் 12 வோல்ற் மோட்டர் வாங்குங்கள். கூட விலைதான், ஆனால் கணினியின் மின்வழங்கியிலிருந்தே ஓடும், இரவில் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

மோட்டார் சைக்கிள் றேடியேற்றர் கிடக்கிறது, பாவிக்கலாமா?

அது அலுமினியம். செம்புப் பிளொக்கோடு ஒரே தண்ணீரில் சேர்த்தால் இரண்டும் ஒரு பற்றரியாகிவிடும். உயர்தரத்தில் இரசாயனம் படித்த பிள்ளைகளுக்கு மின்னிரசாயனத் தொடர் ஞாபகமிருக்கும்: அலுமினியம் −1.66 வோல்ற், செம்பு +0.34. இழப்பது அலுமினியம். சில மாதத்தில் தண்ணீரில் சாம்பல் நிறக் கூழ் மிதக்கும், பிறகு றேடியேற்றரில் ஊசித்துளை.

யப்பானிலிருந்து வந்த பழைய வான்களில் ஹீற்றருக்கென்று ஒரு சின்ன றேடியேற்றர் இருக்கும். நம் ஊரில் அதை யாரும் பாவிப்பதில்லை, கழற்றிக் கராச் மூலையில் போட்டிருப்பார்கள். மிகப் பழையவை செம்பும் பித்தளையுமாக இருக்கும், பிந்தியவை அலுமினியம். உராய்ந்து பார்த்து எடுங்கள். எடுத்தபின் உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கி, கறுப்புச் சேறு நிற்கும்வரை கழுவ வேண்டும். எனக்கு ஒன்பது தடவை.

கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்று செட்டையில் படிந்து தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உட்துறைமுக வீதியில் ஏசி வெளிப்பெட்டிகளின் செட்டைகள் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்.

எந்தத் தண்ணீர்?

பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். கடையில் கேட்கும்போது தண்ணீர் என்று தெளிவாகச் சொல்லுங்கள், அசிட் போத்தலும் அதே தட்டில்தான் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தாலே காரணம் விளங்கும். கார் கூலன்ற் பத்து வீதம் கலந்தால் துருவும் பாசியும் குறையும். ஆனால் அது நஞ்சு, இனிப்பாகவும் இருக்கும். குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் திறந்த வாளியில் வைக்காதீர்கள்.

ஒழுகினால் எல்லாம் போய்விடுமே, எப்படி நம்பிப் பூட்டுவது?

நம்பிப் பூட்டக்கூடாது, சோதித்துவிட்டுப் பூட்ட வேண்டும்.

சைக்கிள் கடையில் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமத்திப் பார்ப்பார்களே, அதேதான். ஒரு வாயை அடைத்து, மற்ற வாயில் குழாய் மாட்டி, பிளொக்கை வாளிக்குள் மூழ்கவைத்து ஊதுங்கள். குமிழ் வந்தால் எங்கே என்று தெரிந்துவிடும். அது சரியென்றால் கணினி இல்லாமல், பத்திரிகைத் தாளின்மேல் வைத்து, மோட்டரை 24 மணித்தியாலம் ஓடவிடுங்கள். தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு கிள்ளு கலந்தால் ஊசிமுனை ஒழுக்கும் தாளில் நீலப் புள்ளியாகத் தெரியும். சோதனை முடிய நன்றாகக் கழுவிவிடவேண்டும்.

எனது முதல் மூடி குமிழ்ச் சோதனையில் வடிவாகத் தப்பியது. பிறகு எண்ணெய்க் கையைத் துடைப்பதற்கு எடுத்த சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் மூடியையும் ஒருதரம் துடைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் சிலந்திவலை மாதிரி வெடிப்பு, கீழே தாளில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். இறுக்கத்தில் நிற்கும் பெஸ்பெக்ஸில் மதுசாரம் பட்டால் அப்படித்தான் ஆகும். சவர்க்காரத் தண்ணீர் தவிர வேறொன்றும் படக்கூடாது. 24 மணித்தியாலம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதன் காரணம் அந்த நீலம்.

என் பிளொக் நல்லதா என்று எப்படி அளப்பது?

இந்தக் கேள்வியை ஆக்கள் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். முதலாவதாகக் கேட்கவேண்டியது.

கையை வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. கன்னியாவுக்குக் குடும்பத்தோடு போனால் தெரியும்: ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளியை விட்டு அள்ளி ஊற்றியபின், எது கூடச் சூடு என்பதில் மாமிக்கும் மருமகனுக்கும் ஒத்துவராது. புரொசெசரின் வெப்பநிலையை மட்டும் பார்த்தும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதில் அறை, றேடியேற்றர், விசிறி எல்லாம் கலந்திருக்கின்றன. பிளொக்கின் வேலை ஒன்றே ஒன்று: புரொசெசரிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீரிடம் கொடுப்பது. ஆகவே பார்க்கவேண்டியது புரொசெசருக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஓர் எண்ணுக்குத்தான் பிளொக் பொறுப்பு.

றேடியேற்றரைக் கழற்றி வைத்துவிடுங்கள். 20 லீற்றர் வாளி, அதற்குள் மோட்டர், மீன் தொட்டிக்கு விற்கும் டிஜிற்றல் வெப்பமானி. கணினியைப் படுக்கையாக வைத்து, ப்ரைம்95 மாதிரி ஏதாவது ஒரு சோதனை மென்பொருளால் புரொசெசரை முழு வேலையில் விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு எண்ணையும் கொப்பியில் எழுதுங்கள். வாளித் தண்ணீர் மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டே போகும், புரொசெசரும் கூடவே ஏறும். ஆனால் பத்து நிமிடத்துக்குப் பிறகு இடைவெளி மாறாது. முதல்முறை அதைக் கொப்பியில் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. தண்ணீர் 29 ஆனாலென்ன, 33 ஆனாலென்ன, 26 என்றால் 26.

அதே வாளி எத்தனை வாட் என்றும் சொல்லும். ஒரு கிலோ தண்ணீர் ஒரு பாகை ஏற 4.186 கிலோயூல் வேண்டும். என் வாளி ஒரு மணித்தியாலத்தில் 4.5 பாகை ஏறியது. 20ஐ 4.186ஆலும் 4.5ஆலும் பெருக்கி, 3,600ஆல் பிரித்தால் ஏறத்தாழ 105 வாட். மோட்டரின் 14 வாட்டும் அந்தத் தண்ணீருக்குள்தான் போகிறது, அதைக் கழித்தால் 90 அளவு. பெட்டியில் 95 வாட் என்று போட்ட இன்டெல் ஐ7 2600 புரொசெசர் அது, பொருந்துகிறது. பௌதிகவியல் செய்முறையில் சொல்லித்தந்த தந்திரம் இங்கேயும் உதவும்: தண்ணீரை அறையைவிட இரண்டு பாகை குளிராகத் தொடங்கி இரண்டு பாகை கூடுதலாக முடித்தால், காற்றிடம் வாங்கியதும் கொடுத்ததும் ஈடாகிவிடும். மண்பானைத் தண்ணீரில் தொடங்கினால் அந்த இரண்டு பாகை சும்மா கிடைக்கும்.

உங்களுக்கு என்ன எண் வந்தது?

கால்வாய் இல்லாத முதல் கட்டிக்கு இடைவெளி 41 பாகை. வாளால் கால்வாய் வெட்டியபின் 33. பரப்பு ஐந்து மடங்கு கூடியும் இவ்வளவுதானா என்று யோசித்து, மூடிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். மூடிக்கும் தகடுகளின் உச்சிக்கும் இடையே 1 மில்லிமீற்றர் வெளி. தண்ணீருக்கென்ன பைத்தியமா, இலேசான வழியிருக்கக் கால்வாய்க்குள் இறங்க? மேலாலேயே ஓடிப்போய்க்கொண்டிருந்தது. அங்கேதான் அந்த ஐஸ்கிறீம் மூடித் துண்டை வைத்தேன். 26 ஆனது. 90ஆல் பிரித்தால் வாட் ஒன்றுக்கு 0.29 பாகை.

ஒவ்வொரு எண்ணும் மூன்று தடவை கழற்றிப் பூட்டி எடுத்த சராசரி. பேஸ்ட் பூசும் விதத்திலேயே இரண்டு பாகை ஆடும், அதனால் ஒரே ஒரு சோதனையை வைத்து “ஒரு பாகை குறைத்துவிட்டேன்” என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

இந்த எண் கையில் இருந்தால் முன்கூட்டியே சொல்லலாம். கச்சான் காலம், அறை 34. என் றேடியேற்றர் தண்ணீரை அறைக்கு மேல் 6 பாகையில் வைத்திருக்கிறது. 34, 6, 26, கூட்டினால் 66. ஆடியில் அளந்தபோது 67 காட்டியது. பெட்டியோடு வந்த கூலரில் அதே கணினி அதே நாளில் 80ஐத் தாண்டியது.

வித்தியாசம் 26 என்பதை 10 ஆக்க முடியுமா?

முடியாது. அந்த 26இல் ஒரு பகுதி புரொசெசருக்குள்ளேயே இருக்கிறது, சில்லுக்கும் மேல்மூடிக்கும் நடுவில். என் ஐ7 2600 சேர்ந்த இன்டெல்லின் இரண்டாம் தலைமுறையில் அங்கே ஈயப்பற்று மாதிரி உலோகம். 2012இல் வந்த மூன்றாம் தலைமுறையில் அதைப் பேஸ்டாக மாற்றினார்கள். அதே பிளொக்கை அதில் பூட்டினால் வாட் ஒன்றுக்கு எண் கூடும், பிளொக்கைத் திட்டிப் பயனில்லை.

எல்லாம் பூட்டியாயிற்று, ஆனால் திடீரென்று 90க்குப் போகிறது. ஏன்?

பிளொக்குக்குள் காற்று. கணினியை இப்படியும் அப்படியும் சாய்த்து, குழாயை விரலால் தட்டுங்கள். அது இல்லையென்றால் ஒரு திருகாணி இறுகவில்லை. கழற்றிப் பேஸ்ட் படிந்த விதத்தைப் பார்த்தால் எந்த மூலை என்று தெரியும்.

வெப்பம் குறைவாகக் காட்டியும் கணினி தானாக அணைகிறதா? சொக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சாரப் பகுதிகளைத் தொட்டுப் பாருங்கள், மெல்ல. பழைய விசிறி புரொசெசருக்கு மட்டுமல்ல, அவற்றுக்கும் காற்று வீசியது. அதைக் கழற்றிவிட்டோம் அல்லவா. ஒரு சின்ன விசிறியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் சரி.

அண்ணா, வாளிக்குள் ஐஸ் போட்டால்?

அரை மணித்தியாலம் வீரம் காட்டலாம். நம் ஊரில் 30 பாகையும் 75 வீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் பனிபடும் வெப்பநிலை 25 பாகை. அதற்குக் கீழே குளிர்ந்த எதிலும் தண்ணீர் துளிர்க்கும், குளிர்சோடாப் போத்தலில் துளிர்ப்பதுபோல. பிளொக் ஒழுகாமலே மதர்போர்ட் நனையும். வேண்டாம்.

மண்பானையை வைத்துப் பார் என்று எங்கள் அப்பா சொன்னார். நல்ல யோசனைதான், வைத்தும் பார்த்தேன். ஆனால் 100 வாட்டை ஆவியாகவே விரட்டுவதென்றால் மணிக்கு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் ஆவியாக வேண்டும், ஒரு பானை அறைக்குள் அவ்வளவு வியர்க்காது. கச்சானில் வாசலில் வைத்தால் கொஞ்சம் கைகொடுக்கும், மார்கழி மழையில் ஒன்றுமே இல்லை.

கரண்ட் போனால்?

கணினியும் மோட்டரும் ஒன்றாக நின்றால் பிரச்சினையே இல்லை. ஆபத்து யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு: கணினி யூபிஎஸ்ஸில், மோட்டர் சுவரில். கரண்ட் போனதும் தண்ணீர் நிற்கும், புரொசெசர் நிற்காது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போதுதான் இதைக் கற்றேன். புரொசெசர் சூடு தாங்காமல் தானே அணைந்து தப்பிவிட்டது. இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

லப்டொப்புக்கு?

வேண்டாம்.

உங்களுடையது எவ்வளவு காலமாக ஓடுகிறது?

இந்த மூடியோடு இரண்டு வருடம் தாண்டிவிட்டது. தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வெயில் படும் பக்கத்துக் குழாயில் பாசி பிடித்ததால் அதற்குக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறேன். செம்பின் வெளிப்பக்கம் கறுத்துவிட்டது, தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தால் பளிச்சென்று வரும், இரண்டு கிழமையில் மறுபடி கறுக்கும். போன மாதம் வாளிச் சோதனையைத் திரும்பச் செய்தேன், 28 காட்டியது. கழற்றிப் பார்த்தால் கோணல் தகடு இரண்டுக்கும் நடுவில் ஒரு துணி நூல் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டுப் பூட்டினேன், 26.